மாப்பிள்ளையின் மறு கண்

கால்நடை மருத்துவர்கள் செய்யும் தவறுகள் பெரும்பாலும் வெளியே தெரிவதில்லை. மாடு வந்து புகார் கொடுக்காது. ஆனால் நான் செய்த ஒரு தவறு மட்டும் எங்கள் வீட்டில் சாப்பாட்டு நேரத்தில் இன்றைக்கும் பரிமாறப்படுகிறது. சிரிக்கிறவர்களோடு சேர்ந்து நானும் சிரிப்பேன். எனக்கு அதில் சிரிப்பு வந்ததே இல்லை என்பதை இங்கேதான் முதல் தடவையாகச் சொல்கிறேன்.

அப்போது நான் வேலைக்குச் சேர்ந்து எட்டு மாதம். கும்பகோணத்துக்குப் பக்கத்தில் சின்ன மருத்துவமனை. மாடு சினையா என்று பார்க்க ஒரு ஸ்கேன் மெஷின் புதிதாக வந்திருந்தது. நான் அதை வைத்து ஆட்டின் மடி, நாயின் வயிறு, (யாரும் இல்லாதபோது) என் முழங்கை வரை பார்த்துவிட்டேன். விலங்குகளின் கண், காது ஸ்கேன் படங்களைப் படிப்பதில் கல்லூரியில் நான்தான் முதல் மதிப்பெண். அந்த மதிப்பெண்ணுக்குத் தகுந்த நோயாளி ஒருவரும் வரவில்லையே என்று எனக்குக் குறையாக இருந்தது.

ஒரு நாள் குதிரை வந்தது. கல்யாண ஊர்வலங்களுக்கு வாடகைக்குப் போகும் வெள்ளைக் குதிரை, இடது காது நுனியில் சின்ன வெட்டு, பெயர் மாப்பிள்ளை. பிடித்துக்கொண்டு வந்தவர் அதன் சொந்தக்காரர் ஜமால் பாய். அவருக்கு இருந்தது அந்த ஒரு குதிரைதான்.

"வலது கண்ணுல ரெண்டு நாளா தண்ணியா வடியுது டாக்டரம்மா. வைக்கோல் தூசு பட்டிருக்கும். கழுவி ஒரு மருந்து போட்டுவிட்டீங்கன்னா போதும்."

அவர் சொன்னது முழுக்கச் சரி. அதை மட்டும் செய்து அனுப்பியிருந்தால் இந்தக் கட்டுரைக்கு வேலையில்லை. நான் டார்ச் அடித்துப் பார்த்தேன். கண்மணியின் மேல் விளிம்பில், மிளகை நசுக்கி ஒட்டியதுபோல் மூன்று கறுப்பு உருண்டைகள் தொங்கின. (அதுவரை நான் கிட்டே பார்த்த குதிரைகள் எல்லாம் புத்தகத்தில் இருந்தவை.) இமையை மூடி, ஜெல் தடவி, ஸ்கேன் வைத்தேன். திரையிலும் அதே இடத்தில் மேடு. வெள்ளைக் குதிரைகளுக்குக் கறுப்புக் கட்டி வரும் என்று படித்த பாடம் வரி பிசகாமல் நினைவுக்கு வந்தது. எனக்கு அப்போது சந்தோஷமாக இருந்தது. கேவலம்தான், ஆனால் இருந்தது.

குதிரையின் தலையைப் பிடித்திருந்த எங்கள் உதவியாளர் செல்வராஜ், "மேடம், அந்தப் பக்கத்துக் கண்ணையும் ஒரு தடவ பாத்துடலாமே" என்றார்.

"எந்தக் கண்ணுல வியாதின்னு எனக்குத் தெரியாதா?"

அவர் குதிரையின் தலையை மறுபடியும் நேராகப் பிடித்துக்கொண்டார்.

"பாய், உள்ள கட்டி இருக்கு. கண்ணையே எடுத்துடணும். விட்டா உயிருக்கே ஆபத்து" என்றேன். 'இருக்கலாம்' என்று ஒரு சொல்லைப் போட்டுச் சொல்லியிருக்கலாம். போடவில்லை.

பாய் திரையைப் பார்த்தார். "இதுல எதும்மா கண்ணு?"

பேனா முனையால் லென்ஸ் இது, கட்டி இது என்று பத்து நிமிடம் பாடம் எடுத்தேன். பொறுமையாகத் தலையாட்டினார். பிறகு குதிரையின் கழுத்தைத் தடவிக்கொண்டே, "ஒத்தக் கண்ணோட போனா எந்த வீட்டு விசேஷத்துல சேப்பாங்க டாக்டரம்மா?" என்று கேட்டார். பெரிய மருத்துவமனைக்கு ஆபரேஷனுக்குக் கடிதம் எழுதிக் கையில் கொடுத்தேன்.

அன்று சாயங்காலமே படத்தை என் பழைய பேராசிரியருக்கு வாட்ஸப்பில் அனுப்பினேன். சந்தேகம் கேட்க இல்லை, பாராட்டு வாங்க. ஒன்பதாம் நாள் பதில் வந்தது. இரண்டே சொல்: "மறு கண்?"

போன் போட்டேன். "அது கட்டி இல்லம்மா. எல்லாக் குதிரைக்கும் பிறவியிலேயே ரெண்டு கண்ணுலயும் இருக்கும். வெயில் கூசாம இருக்கக் கண்மணிக்கு மேல போட்ட பந்தல்னு வச்சுக்கோ" என்றார். திட்டியிருந்தால் கொஞ்சம் ஆறுதலாக இருந்திருக்கும்.

ஸ்கூட்டரை எடுத்துக்கொண்டு பாய் வீட்டுக்குப் பறந்தேன். பின்பக்கக் கொட்டகை கழுவிவிட்டுக் காய்ந்து கிடந்தது. கடிவாளம் ஆணியில் தொங்கியது.

"கண்ண நோண்டி எடுக்குறத என்னால பாக்க முடியாதும்மா. வெளியூர் புரோக்கர் ஒருத்தர்கிட்ட தள்ளிவிட்டுட்டேன். கண்ணுல கட்டின்னு சொல்லித்தான் குடுத்தேன். வண்டி இழுக்க வச்சுக்குறேன்னாரு."

"பாய், மாப்பிள்ளையோட கண்ணு நல்லாத்தான் இருக்கு."

"ஸ்கேன்ல தெரிஞ்சுதுன்னீங்களே?"

"ஸ்கேன்ல தெரிஞ்சுது. எனக்குத்தான் தெரியல."

அவர் கத்தவில்லை. உள்ளே பார்த்து டீ போடச் சொன்னார். நான் குடித்து முடித்ததும், "அப்ப அவனுக்கு ரெண்டு கண்ணும் நல்லாத் தெரியும்ல?" என்றார்.

"நல்லாத் தெரியும் பாய்."

"அது போதும்" என்று சொல்லிவிட்டு எழுந்து போனார். புரோக்கரின் நம்பருக்கு நாங்கள் இருவரும் பல மாதம் போன் செய்தோம். ஒரு தடவைகூட யாரும் எடுக்கவில்லை.

இந்தக் கதையைக் கல்யாணமான புதிதில் என் கணவரிடம் சொன்னது நான் செய்த அடுத்த தவறு. குழம்பில் உப்பு கூட என்று நான் சொன்னால், "மறு கண்ணப் பாத்தியா?" என்பார். மகள் பள்ளிக்கூடத்து வீட்டுப்பாடத்துக்குக்கூட அதையே சொல்கிறாள். குதிரையின் பெயர் அவளுக்குத் தெரியாது.

போன மாதம் சீர்காழியில் நாத்தனார் மகளுக்குக் கல்யாணம். ஊர்வலத்தில் வெள்ளைக் குதிரை. நான் கூட்டத்தை விலக்கிக்கொண்டு முன்னால் போய், அதன் முகத்தை இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் பார்த்துக்கொண்டு நின்றேனாம். "ஊரே மாப்பிள்ளையப் பாக்குது, இவ குதிரையப் பாக்குறா" என்று என் கணவர் சொல்ல, மண்டபமே சிரித்தது.

நானும் மாப்பிள்ளையைத்தான் பார்க்கப் போனேன். அந்தக் குதிரையின் இடது காதில் வெட்டு இல்லை.