ராக்கெட் மேடத்தின் பக்கத்து சீட்

நடந்தது இது:

1. கே.ஆர்.எஸ். ரோட்டில் ஒரு கரும்பு லாரியை முந்துவதற்காக ராக்கெட் மேடம் ஆக்ஸிலேட்டரைத் தரையோடு அழுத்தினார்.
2. கார் பாய்ந்தது.
3. லாரியில் பாதியைத் தாண்டியதும் கார் இருமியது, கறுப்பாகப் புகை விட்டது, அப்படியே சோர்ந்துபோனது.
4. எதிரே பஸ் வந்தது.
5. மேடம் எப்படியோ லாரிக்குப் பின்னால் ஒதுங்கி ஓரம் கட்டினார். கைப்பையை எடுத்துக்கொண்டு இறங்கி, பானெட்டைத் திறந்து, எஞ்சினைத் திட்டினார்.
6. திரும்ப ஏறி ஸ்டார்ட் செய்தார். ஒன்றுமே நடக்காதது போல கார் ஓடியது.
7. யாரும் நம்பவில்லை.

மைசூரில் ராக்கெட் மேடத்தின் காரில் ஒரு தடவை ஏறியவர்கள் நிறையப் பேர் உண்டு. தானாக விரும்பி இரண்டாம் தடவை ஏறியவள் நான் ஒருத்திதான்.

தொண்ணூறுகளின் நடுவில், மைசூரின் ஹெப்பாள் பகுதியில் ஒரு தொழிற்சாலையில், பராமரிப்புப் பிரிவில் பயிற்சிப் பொறியாளராகச் சேர்ந்தேன். மேடம் அங்கே ஸ்டோர்ஸ் ஆபீசர். அப்பாவின் ரயில்வே வேலைக்காக மைசூருக்கு வந்த தமிழ்க் குடும்பம். பெற்றோர் காலமான பிறகு வீட்டில் அவர் மட்டும். ராக்கெட் என்று பெயர் வைத்தது யார் என்று யாருக்கும் தெரியாது. அவர் கார் கேட்டைத் தாண்டுவதைப் பார்த்த எவரும் வைத்திருக்கலாம். வாட்ச்மேன் அந்தக் காரைக் கண்டால் கேட்டைத் திறந்துவிட்டுச் சுவரோடு ஒட்டிக்கொள்வார். "மெதுவாப் போனா எஞ்சினுக்குச் சளி புடிச்சுக்கும்மா" என்பது மேடத்தின் கொள்கை.

மாலையில் பஸ் ஸ்டாப்பில் காரை நிறுத்தி, தெரிந்தவர் தெரியாதவர் எல்லோரையும் கூப்பிடுவார். "டவுன் பக்கமா? ஏறிக்கோங்க." எல்லோருக்கும் அந்த நிமிடம் வேறு எங்கோ வேலை வந்துவிடும். டவுனிலேயே குடியிருந்த ஒரு கிளார்க், சொன்ன பொய்யைக் காப்பாற்ற எதிர்த்திசை பஸ்ஸில் ஏறி கே.ஆர்.எஸ். அணைக்கட்டு வரை போய்த் திரும்பினார்.

நான் ஏறினேன். ஈரோட்டிலிருந்து வந்த எனக்குக் கன்னடம் வராது. ஹாஸ்டல் அறையில் பேச ஆள் இல்லை. தொழிற்சாலையில் நான் பேசுகிற வார்த்தைகளில் பாதி ஸ்பானர், மீதி கிரீஸ்.

"இந்தாம்மா, இதைக் கொஞ்சம் மடில வச்சுக்கோ" என்று கைப்பையைத் தந்தார். சிமெண்ட் மூட்டையின் குட்டி போல் கனத்தது. உள்ளே டிபன் கேரியர், தண்ணீர் பாட்டில், குடை, டார்ச், சாவிக்கொத்து, ஒரு பெரிய பித்தளைப் பூட்டு.

"பூட்டு எதுக்கு மேடம்?"

"சும்னே. சும்மா இருக்கட்டும்னு."

அதற்குள் நாங்கள் இரண்டு ஆட்டோவையும் ஒரு மினி லாரியையும் தாண்டியிருந்தோம். கார் இருமவே இல்லை.

அதுதான் சிக்கல். பக்கத்தில் யாராவது இருந்தால் கார் இருமாது. டவுனில் எத்தனையோ மெக்கானிக்குகள் அந்தப் பையை மடியில் வைத்துக்கொண்டு உயிரைப் பிடித்தபடி ஊர் சுற்றிவிட்டு, வண்டி நன்றாக இருக்கிறது என்று சொல்லி இறங்கினார்கள். தனியாக ஓட்டிப் பார்த்தவர்களும் அதையே சொன்னார்கள். எங்கள் போர்மன், தமிழ் பேசும் எல்லையோர ஊரான கௌதள்ளிக்காரர். கெட்டிக்காரர். அவரையும் மேடம் ஏற்றிக்கொண்டு போனார். டவுனில் தேவராஜ மொஹல்லா பக்கம், பொம்பளைப் பையை அணைத்துக்கொண்டு கண்ணை மூடி உட்கார்ந்திருந்தவரை அவருடைய மச்சான் பார்த்துவிட்டார். அதிலிருந்து போர்மனுக்கு அந்தக் காரைக் கண்டாலே ஆகாது.

கேண்டீனில் ஒருநாள் சொன்னார். "அந்தம்மா வண்டில ஒரு கோளாறும் இல்லீங்க. பக்கத்துல குந்தறதுக்கு ஆள் வேணும். அதுக்குத்தான் ரிப்பேர், ரிப்பேருங்கறாங்க."

சிரிப்பு அடங்கக் கொஞ்ச நேரம் ஆயிற்று. தூணுக்கு அந்தப் பக்கம் மேடம் தனியாகச் சாப்பிட்டுக்கொண்டிருந்தார். டிபன் கேரியரை மூடிக்கொண்டு எழுந்து போனார். பாதி சாதம் உள்ளேதான் இருந்தது.

அன்று மாலை காரில் சொன்னார். "வண்டியை வித்துடப் போறேன்மா. பெங்களூர்ல இருக்கற என் தம்பி, ஞாயித்துக்கிழமை ஆள் அனுப்பறேன்னான். 'உனக்கு மனசுதான் சரியில்ல'ங்கறான். எல்லாரும் சொல்றப்போ எனக்கே சந்தேகமா இருக்கு."

"அப்புறம் எப்படி வருவீங்க?"

"கம்பெனி பஸ்தான். என்ன, பஸ்ல நாம யாரையும் ஏத்திக்க முடியாது."

நான் பட்டியல் போட்டுப் பார்க்கிற ஆள். பெட்ரோல் பம்ப், ஃபில்டர், கார்புரேட்டர், பிளக், பாயிண்ட். ஒவ்வொன்றாகக் கழற்றிப் பார்த்து மாட்டினேன். எல்லாம் ஒழுங்காக இருந்தன. மிஞ்சியது ஒன்றுதான்: பக்கத்து சீட்டில் இருக்கும் ஆள். எஞ்சினுக்கு யார் உட்கார்ந்திருக்கிறார் என்று தெரியாது. ஆகவே ஆள் இல்லாதபோது மேடம் வேறு எதையோ செய்கிறார்.

சனிக்கிழமை காலையில் சொன்னேன். "நான் பின்னாடி உக்கார்றேன். நான் வண்டிலயே இல்லைன்னு நினைச்சுக்கோங்க."

"பின்னாடி உக்காந்தா நான் உனக்கு டிரைவர் மாதிரி ஆயிடுவேனேடி."

"இன்னைக்கு மட்டும் மேடம்."

அரைமனதாக ஒப்புக்கொண்டார். சோக்கை இழுத்தார், ஸ்டார்ட் செய்தார், சோக்கைத் தள்ளினார். டிரைவிங் பள்ளியில் கற்றது கற்றபடி. பிறகு கைப்பையின் வாரை அந்தச் சோக் குமிழிலேயே மாட்டினார்.

குளிர்ந்த எஞ்சினைக் கிளப்ப மட்டும் இழுக்கிற குமிழ் அது. இழுத்தால் எஞ்சினுக்குக் காற்று குறைந்து பெட்ரோல் மிகுந்துவிடும். வேகமாக ஓடுகிற எஞ்சினுக்கு அது மூக்கைப் பொத்துவது மாதிரி.

நான்தான் வண்டியிலேயே இல்லையே; குமிழையே பார்த்துக்கொண்டிருந்தேன். கே.ஆர்.எஸ். ரோடு வந்தது. மேடம் காலை அழுத்தினார். கார் முன்னே பாய, பூட்டும் டிபன் கேரியருமாகப் பை பின்னால் ஊசலாடியது. குமிழும் கூடவே வந்தது. இருமல். கறுப்புப் புகை. மேடம் ஓரம் கட்டி, பையைக் கழற்றித் தோளில் மாட்டி, இறங்கி, எஞ்சினைத் திட்டினார். திரும்பி வந்து சோக்கைப் பிடித்தார், ஸ்டார்ட் செய்தார், சோக்கை ஒழுங்காக உள்ளே தள்ளினார். குற்றவாளியை ஒவ்வொரு தடவையும் அவரே வீட்டுக்கு அனுப்பிவைத்துக்கொண்டிருந்தார்.

"மேடம், கோளாறு நிஜம்தான். பைதான் காரணம்." விளக்கினேன்.

மேடம் சோக் குமிழை விரலால் தொட்டுப் பார்த்தார். "அப்ப நான் பொய் சொல்லலைன்னு ஆய்த்து."

"ஆமாம்."

"ஆய்த்து" என்றார் மறுபடியும்.

"ஆனா பையை ஏன் அதுல மாட்டறீங்க? பக்கத்து சீட்ல வைக்கலாமே. காலியாத்தானே இருக்கு."

கண்ணாடியில் என்னைப் பார்த்தார். "அதுல பை இருந்தா, ஸ்டாப்புல நிக்கறவங்க இடமில்லைன்னு நினைச்சுப்பாங்களேம்மா."

நான் இறங்கி முன் சீட்டுக்கு வந்து, பையை வாங்கி மடியில் வைத்துக்கொண்டேன்.

ஞாயிற்றுக்கிழமை கார் வாங்க வந்தவரிடம் விற்கவில்லை என்று சொல்லி, மேடமே அவரை ரயில்வே ஸ்டேஷனில் கொண்டுபோய் விட்டார். மேடம் விற்க ஒப்புக்கொண்டிருந்தாலும் அவர் வாங்கியிருக்க மாட்டார், அந்தப் பயணத்துக்குப் பிறகு. திங்கட்கிழமை போர்மனைப் பின் சீட்டில் உட்காரவைத்துப் புகையைக் காட்டினோம். "அட, ஆமாங்க" என்றார். மத்தியானம் அவரே ஒரு இரும்புக் கொக்கி செய்து, குமிழுக்கு எட்டாத இடத்தில் பொருத்திவிட்டுப் போனார். நான் மைசூரில் இருந்தவரை அந்தக் கொக்கியில் எதுவும் தொங்கவில்லை.

இப்போது எனக்கு ஓசூரில் வேலை. மேடத்தின் கார் எங்கும் திணறுவதில்லை. பை கொக்கியில் தொங்குகிறது என்று போன வாரம் போனில் சொன்னார். நான் கம்பெனி பஸ்ஸில் போகிறேன். ஜன்னலோரம் உட்கார்ந்து, பையை மடியில் வைத்துக்கொள்கிறேன். பக்கத்து சீட் காலியாக இருக்கிறது.