செவ்வாய்க்கிழமைக் கமிட்டி

"சார், ஜெயிச்சுட்டோம்!" என்று கத்திக்கொண்டே வக்கீல் அற்புதசாமி உள்ளே நுழைந்தபோது, சவரிநாதன் வாயிலிருந்த மசால்வடை அங்கேயே நின்றுவிட்டது.

"என்னத்த ஜெயிச்சோம்?"

"நம்ம கவர்மெண்ட் காலேஜை யுனிவர்சிடி ஆக்குறதுக்கு மசோதா கொண்டுவரப் போறாங்க. இந்தக் கூட்டத்தொடர்லயே! எம்.எல்.ஏ. வாயால கேட்டுட்டு வரேன்."

ஸ்ரீரங்கத்திலிருந்து வந்திருந்த ரிட்டயர்ட் போஸ்ட்மாஸ்டர் வேங்கடவரதன் இரு கைகளையும் தலைக்கு மேல் குவித்தார். "எல்லாம் ரங்கநாதன் கிருபை!"

மூலை நாற்காலியிலிருந்த பாலக்கரை வெங்காய மண்டிக்காரர் மருதை, "ஆமோதிக்கிறேன்" என்றார். இத்தனை வருஷத்தில் கமிட்டியில் அவர் பேசிய ஒரே வார்த்தை அதுதான்.

சவரிநாதன் வடையை விழுங்கினார். கருங்கல் ஜல்லி மாதிரி இறங்கியது.

அந்தக் கல்லூரியில் சரித்திரம் சொல்லிக்கொடுத்து ஓய்வு பெற்றவர் அவர். பல்கலைக்கழகக் கோரிக்கைக் குழுவின் தலைவரும் அவரே. மனைவி இருதயமேரி போய்ச் சேர்ந்த பிறகு தென்னூர் வீட்டில் அவரும் சுவர்க்கடிகாரமும்தான். ஒரே மகன் வடக்கே பிலாயில் வேலையில் இருந்தான். யாரோடாவது நாலு வார்த்தை பேச வேண்டுமென்றால், பாலில் தண்ணீர் கலந்திருக்கிறது என்று பால்காரரிடம் சண்டை பிடிக்க வேண்டும். நல்ல பால்தான் ஊற்றுகிறார், பாவம்.

செவ்வாய்க்கிழமை மட்டும் வேறு. திங்கட்கிழமையே மடக்கு நாற்காலிகளைத் துடைத்து வைத்துவிடுவார். சமையல்கார ராக்கம்மாள் வடைக்குப் பருப்பு ஊறப்போடுவாள். சாயங்காலம் கமிட்டி கூடும். சத்தம் போடும். தீர்மானம் போடும். மனு மெட்ராசுக்குப் போகும். 'உள்ளூரிலிருந்து ஆட்சேபணை வந்துள்ளது, பரிசீலனையில் இருக்கிறது' என்று வருஷா வருஷம் பதில் வரும். ஆட்சேபித்தது யார், எதற்கு என்று மட்டும் சொல்லமாட்டார்கள்.

"எவனோ ஒரு எட்டப்பன் நம்ம ஊர்லயே இருக்கான் சார்!" என்று அற்புதசாமி மேஜையைக் குத்துவார். சவரிநாதனும் சேர்ந்து குத்துவார். ஞாயிற்றுக்கிழமை மாதா கோவிலில் மட்டும், முகம் தெரியாத அந்த எட்டப்பன் நீடூழி வாழ ஒரு மெழுகுவர்த்தி ஏற்றிவிட்டு வருவார்.

பல்கலைக்கழகம் வந்துவிட்டால் அப்புறம் கமிட்டி எதற்கு? இந்த நாற்காலிகளில் யார் உட்காருவார்கள்?

"கொஞ்சம் பொறுங்க" என்றார் சவரிநாதன். "யுனிவர்சிடிக்குப் பேர் என்ன?"

அவருக்குச் சரித்திரம் தெரியும். பெயர் வைப்பதில் கவிழ்ந்த காரியங்கள் கொஞ்சமா நஞ்சமா?

"ரங்கநாதன் பேருதான். இதுல பேச்சுக்கே இடமில்லை" என்றார் வேங்கடவரதன்.

"ஏங்க, மாதா பேரை வைக்கக்கூடாதா?" என்றார் அற்புதசாமி.

"வக்கீல் ஸ்வாமி, இது யுனிவர்சிடியா, கான்வென்டா?"

"அப்ப உங்களுது என்ன, மடப்பள்ளியா?"

மருதை இரண்டு பேரையும் ஆமோதித்தார். சவரிநாதனுக்கு உள்ளுக்குள் குளிர்ந்தது. இந்தச் சண்டை ஐந்து வருஷத்துக்குத் தாங்கும் என்று கணக்குப் போட்டார். ஆனால் வேங்கடவரதன் காபியைத் தொடாமல் எழுந்துவிட்டார்.

"இனிமே இந்தப் படி மிதிக்கமாட்டேன்!"

சொன்னபடியே அடுத்த செவ்வாய்க்கிழமை வரவில்லை. அற்புதசாமி வந்தார், காலி நாற்காலியைப் பார்த்தார், பத்து நிமிஷத்தில் கிளம்பினார். "சண்டை போட ஆள் இல்லாம என்ன சார் கமிட்டி?"

சவரிநாதன் பதறிப்போனார். மறுநாளே ஒண்ணாம் நம்பர் பஸ் பிடித்து ஸ்ரீரங்கம் போனார். வேங்கடவரதன் வீட்டில் பேரன் பேத்திகள் தூணைச் சுற்றி ஓடிக்கொண்டிருந்தார்கள். அந்த இரைச்சலுக்கு நடுவே, கொடுத்த காபியை ஆறிப்போகும் வரை வைத்திருந்து குடித்தார் சவரிநாதன்.

"பேரை கவர்மெண்டே வச்சுக்கட்டும்னு எழுதிக் கொடுத்துடலாங்க. உங்களுக்கும் வேணாம், வக்கீலுக்கும் வேணாம். நீங்க மட்டும் செவ்வாய்க்கிழமை வந்துடுங்க."

"சரி, உமக்காக" என்றார் வேங்கடவரதன்.

அடுத்த செவ்வாய்க்கிழமை எல்லா நாற்காலியும் நிரம்பியது. அதற்கு மேலும் ஒன்று தேவைப்பட்டது. எம்.எல்.ஏ.வே வந்துவிட்டார்!

"பேரு எங்க இஷ்டம்னு எழுதிக் கொடுத்தீங்களாமே! மெட்ராஸ்ல அதுதாங்க பெரிய தலைவலியா இருந்துச்சு. இனிமே மசோதா பறக்கும் பாருங்க!" என்று சவரிநாதன் முதுகில் ஓங்கித் தட்டினார்.

சவரிநாதனுக்கு அன்று ராக்கம்மாளின் வடையில் உப்பும் தெரியவில்லை, உறைப்பும் தெரியவில்லை.

கடைசி அஸ்திரம் ஒன்று பாக்கி இருந்தது. எம்.எல்.ஏ. கிளம்புவதற்குள் அதை எடுத்துவிட்டார்.

"இன்னொரு விஷயங்க. காலேஜை யுனிவர்சிடி ஆக்கிட்டா, பி.ஏ. படிக்க வர்ற ஏழைப் பசங்க எங்க போவாங்க? அதனால காலேஜ் காலேஜாவே தனியா நடக்கணும். யுனிவர்சிடி அது பக்கத்துல வரணும். இதை மசோதாவுலயே ஒரு ஷரத்தாச் சேர்க்கணும். இல்லேன்னா எங்களுக்கு யுனிவர்சிடியே வேணாம்!"

சட்ட இலாகா ஒரு வருஷம் இழுக்கும், நிதி இலாகா இரண்டு வருஷம் இழுக்கும் என்பது அவர் நம்பிக்கை. வக்கீலும் போஸ்ட்மாஸ்டரும் கைதட்டினார்கள். மருதை மட்டும் ஆமோதிக்கவில்லை. கையிலிருந்த வடை பாதி வழியில் நிற்க, சவரிநாதனையே வெறித்துப் பார்த்தார்.

"என்ன மருதை, மிளகாயைக் கடிச்சுட்டீங்களா?" என்று தண்ணீர்ச் சொம்பை நகர்த்தினார் சவரிநாதன்.

அந்த மாதக் கடைசியில் எம்.எல்.ஏ. ரோஜா மாலையோடு வந்து இறங்கினார். பின்னாலேயே பத்துப் பேர் சரவெடியோடு வந்தார்கள்.

"பாஸாயிடுச்சு சார்! கீழ்சபை, மேல்சபை ரெண்டுலயும் ஒருத்தர் எதிர்க்கலை. எல்லாம் உங்க ஷரத்து செஞ்ச வேலை!"

"என் ஷரத்தா?"

"ஆமாங்க! அந்த எட்டப்பன் வருஷா வருஷம் ஆட்சேபிச்சதும் அது ஒண்ணைத்தானாம். ஏழைப் பசங்க எங்க போய்ப் படிப்பாங்கன்னு கேட்டிருக்கான். நீங்க சொன்ன ஷரத்தைச் சேர்த்தாங்க, அவன் ஆட்சேபணை செல்லாக்காசாயிடுச்சு!"

சரவெடி வெடித்தது. மாலை கழுத்தில் விழுந்தது. மசோதாவின் தந்தை என்று யாரோ கத்தினார்கள். வேங்கடவரதன் ஆனந்தக் கண்ணீர் விட்டார். சவரிநாதன் கண்ணிலும் தண்ணீர் நின்றது. அது என்ன கண்ணீர் என்று யாரும் கேட்கவில்லை. கொஞ்ச நேரத்தில் எல்லாரும் ஜீப்பில் ஏறி மெயின்கார்டு கேட் பக்கம் ஊர்வலம் போய்விட்டார்கள். வாசலெல்லாம் வெடிக் காகிதம். அதைப் பெருக்குவதற்கு ராக்கம்மாள் காலையில்தான் வருவாள். அவள் வந்தபோதும் அவர் பெருக்கச் சொல்லவில்லை. நாலு பேர் வந்துபோன வீடு மாதிரி தெரிந்தது. அப்படியே இருக்கட்டும் என்று விட்டுவிட்டார்.

திங்கட்கிழமை பழக்கதோஷத்தில் நாற்காலிகளைத் துடைத்தார்.

"இன்னும் எதுக்குங்க ஐயா இது?" என்றாள் ராக்கம்மாள்.

"நீ பருப்பை ஊறப்போடு."

செவ்வாய்க்கிழமை சாயங்காலம் நாற்காலிகளை விரித்துப் போட்டுவிட்டு உட்கார்ந்தார். அற்புதசாமிக்குக் கோர்ட்டில் பெரிய கேஸ் என்று காலையிலேயே குமாஸ்தா வந்து சொல்லிவிட்டுப் போயிருந்தான். வேங்கடவரதனுக்குப் பகல்பத்து உற்சவம் ஆரம்பித்துவிட்டது. ரங்கனை விட்டுவிட்டு ரிட்டயர்ட் புரொபசரைப் பார்க்க யார் வருவார்கள்? வடை ஆறியது. கடிகாரம் மட்டும் பேசிக்கொண்டிருந்தது.

கேட் கிறீச்சிட்டது.

மருதை வந்தார். செருப்பைக் கழற்றினார். நேராகப் போய் மூலையிலிருந்த தன் நாற்காலியில் உட்கார்ந்தார்.

"இன்னிக்குக் கூட்டம் இல்லையே மருதை. காரியம்தான் முடிஞ்சுபோச்சே" என்றார் சவரிநாதன்.

"தெரியுங்க. பொண்ணுங்களைக் கட்டிக்கொடுத்ததுலேர்ந்து மண்டியை மூடினா வெங்காய மூட்டையோடதான் பேசணும். கால் தானா இங்க வந்துருச்சு."

மருதை இவ்வளவு வார்த்தை பேசி சவரிநாதன் கேட்டதே இல்லை. அவசர அவசரமாக வடைத்தட்டை நகர்த்தினார். மருதை தொடவில்லை. முகம் கடுகடுவென்று இருந்தது.

"சார், ஒண்ணு கேக்கணும். அந்த ஷரத்தை எதுக்குங்க போட்டீங்க?"

"அது வந்து... ஏழைப் பசங்களுக்காக..."

மருதை தலையில் அடித்துக்கொண்டார்.

"ஏழைப் பசங்க எங்க போவாங்கன்னு வருஷா வருஷம் மெட்ராசுக்கு மொட்டைக் கடுதாசி போட்டு, ஒத்தை ஆளா இந்தக் கமிட்டியைக் கட்டிக் காப்பாத்திக்கிட்டு வந்தேன். ஒரே ஷரத்துல கவுத்துட்டீங்களே சார்!"