நத்தை டாக்டரின் மறைவு

நத்தைகள் மழைக்கு முன்னால் மெல்லிய குரலில் பாடும் என்று வகுப்பு மொத்தமும் ஒருவர் பாக்கியில்லாமல் எழுதி வைத்திருந்தது. திருத்த உட்கார்ந்த நூலக ஆசிரியர் சிவப்புப் பேனாவைக் கீழே வைத்தார்.

அந்தப் பொய்யை இணையத்தில் ஏற்றியவரே அவர்தான்.

"யார் எழுதினது, எப்போ எழுதினது, அவருக்கு எப்படித் தெரியும்? இதைக் கேக்காம இணையத்துல எதையும் நம்பாதீங்க" என்று வருஷம் முழுக்கத் தொண்டை வறளச் சொல்லியிருந்தார். அது மண்டையில் ஏறியதா என்று பார்க்கத்தான் இந்தப் பொறி. எழுதியவர் பெயர் 'நத்தை டாக்டர்'. படத்துக்கு, கோட்டுப் போட்ட மாமனார்.

ஒருவராவது சந்தேகப்பட்டிருக்கலாம். தலைமை ஆசிரியை ஏற்கெனவே கண்டிப்பாகச் சொல்லியிருந்தார்: "உங்க வகுப்பால பிள்ளைங்க என்ன கத்துக்கிட்டாங்கன்னு காட்டுங்க சார். இல்லேன்னா அந்தப் பீரியடைக் கணக்கு டீச்சர் கேக்கறாங்க."

கணக்கு டீச்சர் எல்லாப் பீரியடையும் கேட்பவர். விளையாட்டுப் பீரியடை விழுங்கி ஏப்பமே விட்டாயிற்று.

சரி, ஒரு துப்புக் கொடுப்போம் என்று டாக்டரின் மின்னஞ்சல் முகவரியைப் பக்கத்தின் அடியில் சேர்த்தார். 'நீங்கள் எந்தக் கல்லூரி?' என்று யாராவது மடக்குவார்கள், மகிழ்ச்சியாக மாட்டிக்கொள்ளலாம்.

கடிதங்கள் குவிந்தன.

'டாக்டர், என் தம்பி யார்கிட்டயும் பேச மாட்டேங்கறான். நத்தை மாதிரி அவனும் மழைக்கு முன்னால் வாய் திறப்பானா?'

'டாக்டர், கணக்கு டீச்சரைப் பாத்தா எனக்குக் கை நடுங்குது. உங்களுக்கு எதுக்காவது நடுங்குமா?'

பாடத்தைத் தாண்டி ஒரு வார்த்தை பேச வராது நூலக ஆசிரியருக்கு. டாக்டருக்கு வந்தது. பக்கம் பக்கமாக வந்தது. மேடை என்றால் தனக்கு முழங்கால் ஆடும் என்றுகூட டாக்டர் ஒப்புக்கொண்டார்.

"யாருக்கு இப்படி உருகி உருகி எழுதறீங்க?" என்றாள் மனைவி.

"பிள்ளைங்களுக்கு."

"என்கிட்ட மட்டும் வெறும் 'ம்'!"

"ம்."

டாக்டரின் புகழ் பள்ளிச் சுவரிதழில் ஏறி, தலைமை ஆசிரியையின் கண்ணில் பட்டது.

"ஆண்டு விழாவுக்கு நத்தை டாக்டர்தான் சிறப்பு விருந்தினர். நீங்களே பேசி முடிச்சிருங்க சார்."

உண்மையைச் சொன்னால் பீரியடு போய்விடும். வேறு வழி தெரியாமல் அவர் டாக்டரைக் கொன்றார். 'இயற்கை எய்தினார்' என்று பக்கத்தில் ஒரே ஒரு வரி. தொல்லை விட்டது என்று கண்ணாடியைத் துடைத்துக்கொண்டார்.

மறுநாள் பள்ளி அரங்கில் இரங்கல் கூட்டம். மாமனார் ஆளுயரத்துக்குச் சிரித்துக்கொண்டிருந்தார், காலடியில் பூக்கள். பிள்ளைகள் நிஜமாகவே அழுதார்கள். மனைவி போனில் வந்தாள்.

"உங்க பள்ளிக்கூடத்து ஃபேஸ்புக் பக்கத்துல எங்கப்பா படம் போட்டு 'கண்ணீர் அஞ்சலி'ங்கறாங்க! அவர் இங்க குத்துக்கல்லாட்டம் உக்காந்து காபி குடிச்சிட்டிருக்காரு!"

அதற்கு மேல் தாங்கவில்லை. முழங்கால் ஆட ஆட மேடை ஏறினார்.

"டாக்டர்னு யாரும் கிடையாது. நத்தை பாடாது. எல்லாம் நான் விட்ட கதை. உங்கள்ல ஒருத்தர்கூடக் கண்டுபிடிக்கலை. அப்போ நான் ஒண்ணும் சொல்லித்தரலைன்னுதான் அர்த்தம். பீரியடைக் கணக்கு டீச்சரே எடுத்துக்கட்டும்."

கணக்கு டீச்சர் கால அட்டவணையை எடுத்துப் பேனாவைத் திறந்தார்.

கடைசி வரிசையில், தம்பியைப் பற்றி எழுதிய பெண் எழுந்தாள். "டாக்டர்கிட்டருந்து மொத பதில் வந்ததுமே யாருன்னு தேடினோம் சார். அதே படத்தை உங்க வீட்டம்மா ஃபேஸ்புக்குல 'பிறந்தநாள் வாழ்த்துகள் அப்பா'ன்னு போட்டிருந்தாங்க. எல்லாருக்கும் தெரியும்."

தலைமை ஆசிரியை, கணக்கு டீச்சரின் பேனாவை மெல்ல மூடினார். "அப்புறம் ஏம்மா இத்தனை நாள் வாயைத் திறக்கலை?"

"சொல்லிட்டா சார் எங்களோட பேசறதை நிறுத்திடுவாரே, மிஸ்."