அரசாங்கத்து ஓர் அலகு

பொதுமக்களின் நலன் கருதி, திருவனந்தபுரத்தில் ஓர் அலுவலகம் தயார் நிலையில் கிடைக்கும் மென்பொருள்களைப் பயன்படுத்துவதை நிறுத்தியது. பாக்கெட் மாவை விட்டுவிட்டு அரிசி, உளுந்து ஊறவைத்து வீட்டிலேயே அரைப்பது போல, மூல நிரலை இறக்கி ஆபீஸ் கம்ப்யூட்டரிலேயே கட்டிக்கொள்வது என்று முடிவாயிற்று. அப்போது அதுதான் நாகரிகம். கைத்தறிச் சட்டை, சிறுதானியக் கஞ்சி, சொந்தமாகக் கட்டிய மென்பொருள் மூன்றும் இல்லாத அதிகாரியை மீட்டிங்கில் யாரும் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

கட்டுவதற்கு நேரம் பிடிக்கும். எவ்வளவு பிடிக்கும் என்று முன்கூட்டியே மதிப்பிட்டுச் சொல்ல அனந்தலக்ஷ்மி நியமிக்கப்பட்டார். கரமனை அக்ரஹாரத்துக்காரர், கணக்கில் புலி. முதலில் ஒரு சின்ன மென்பொருள் பொதியைக் கட்டி, அதற்கு ஆகும் நேரத்தை ஓர் அலகு என்று வைத்துக்கொண்டார். மற்றதெல்லாம் அதன் மடங்கு. இந்தக் கணக்கில் பிரவுசருக்கு நாற்பது அலகு வந்தது.

இயக்குநர் ஞானசிகாமணிக்கு நாற்பது பிடிக்கவில்லை. இரண்டு மடங்கு வேகமுள்ள புதுக் கம்ப்யூட்டரை வரவழைத்தார். ஊழியர்கள் பழவங்காடிப் பிள்ளையாருக்குத் தேங்காய் உடைத்துவிட்டு வந்து அதை முடுக்கினார்கள். மாலையில் அறிக்கை வந்தது. பிரவுசருக்கு நாற்பது அலகு.

"என்னம்மா இது? புதுசு வந்த பின்னேயும் நாற்பதா?"

"சார், இப்போ எல்லாமே பாதி நேரத்துல முடியறது. முதல் பொதியும் பாதி நேரத்துல முடியறதோல்லியோ? அதான், அலகும் சுருங்கிடுத்து."

"சர்க்கார் அலகு எப்படிச் சுருங்கும்? யாராக்கும் அனுமதி குடுத்தது?"

அனுமதி யாரும் கொடுக்கவில்லை. அனந்தலக்ஷ்மி வந்த காரியமும் வேறு. புனேயில் மகள் சுப்ரியாவுக்குத் தலைப்பிரசவம். பிரயாணம் கூடாதென்று டாக்டர் சொல்லிவிட்டதால் அம்மாதான் அங்கே போக வேண்டும். துணைக்கு வேறு மனுஷி கிடையாது.

"சார், என் லீவு... டாக்டர் பிரசவத் தேதி சொல்லிட்டா."

"அதுவும் மதிப்பீடுதானே? எந்த அலகுல சொன்னாங்க?"

"மாசக் கணக்குல, சார்."

"அது நம்ம ஆபீஸ் அங்கீகரிச்ச அலகு இல்லை, கேட்டீங்களா. பிரவுசர் ஒரு அலகுக்குள்ள வரட்டும். அன்னைக்கே லீவு."

அனந்தலக்ஷ்மிக்கு அழுகை வந்தது. கூடவே ஒரு யோசனையும் வந்தது. அலகு சுருங்கினால்தானே குற்றம்? பெருத்தால் யார் கேட்கப் போகிறார்கள்? அலகை மட்டும் பழைய கம்ப்யூட்டரில் அளக்க ஆணை வாங்கினார். பிரவுசர் இருபதுக்கு இறங்கியது. இயக்குநர் எல்லோருக்கும் லட்டு கொடுத்தார். ஸ்டோர் ரூமில் அதைவிடப் பழையது ஒன்று கிடந்தது. அதில் அளந்ததும் நான்குக்கு வந்தது. வேலையின் வேகம் கடுகளவும் மாறவில்லை. ஆனாலும் மற்ற துறை அதிகாரிகள் பொன்முடியில் கருத்தரங்கு கூட்டி, கட்டன் சாயா குடித்துக்கொண்டே இந்த முன்னேற்றத்தை ஆராய்ந்தார்கள்.

கடைசியாக, வரவேற்பறையில் கண்ணாடிப் பெட்டிக்குள் காட்சிக்கு வைத்திருந்த ஆதிகாலத்துக் கம்ப்யூட்டரை அனந்தலக்ஷ்மி வெளியே எடுத்துத் தூசி தட்டினார். முதல் பொதியை அதில் ஏற்றினார். அது முனகிக்கொண்டே கட்ட ஆரம்பித்தது. இந்தப் பக்கம் புதுக் கம்ப்யூட்டரில் பிரவுசர் கட்டி முடிந்தேவிட்டது.

"சார், பிரவுசர் முடிஞ்சுடுத்து. அலகு இன்னும் முடியலை. அப்போ ஒரு அலகுக்குள்ளேதானே?"

"பலே! லீவு எத்தனை நாள் வேணும்?"

"நாளெல்லாம் அங்கீகாரம் இல்லையே சார். ஒரு அலகு மதி, போதும்."

"ஒண்ணே ஒண்ணா? பாவம், ரெண்டு எடுத்துக்கோங்கம்மா."

"வேண்டாம் சார், ஒண்ணே தாராளம்."

இயக்குநர் மனமுவந்து கையெழுத்துப் போட்டார். அன்றே அனந்தலக்ஷ்மி புனேக்கு ரயில் ஏறினார்.

இந்த மாபெரும் வெற்றி எல்லாத் துறைகளுக்கும் பரவியது. பொதுமக்களின் கோரிக்கைகள் யாவும் இனி ஓர் அலகுக்குள் தீர்த்துவைக்கப்படும் என்று ஆணை வந்தது. நாம் கைதட்டினோம். நான் அதை வாட்ஸாப்பில் மூன்று குரூப்புக்கு அனுப்பி வைத்தேன், என் புத்தியைச் செருப்பால் அடிக்க வேண்டும்.

போன வாரம் வீட்டுக்குக் குடிநீர் இணைப்புக் கேட்டுப் போனேன். வரிசையில் எனக்கு முன்னால் ஞானசிகாமணி. ஓய்வுபெற்றுப் புது வீடு கட்டி, அவரும் அதே இணைப்புக்குத்தான் நடையாய் நடக்கிறார். கவுண்டரில் இருந்த பிஜு சிரித்த முகமாகச் சொன்னார்.

"ஒரு அலகுக்குள்ள கிட்டும், சாரே."

"அது கிடக்கட்டும். ஒரு அலகுன்னா எத்தனை நாளு?" என்றார் ஞானசிகாமணி.

"உங்க பழைய ஆபீஸ்ல அந்த மெஷின் முதல் பொதியைக் கட்டி முடிக்கணும். அப்பத்தான் ஒரு அலகு ஆகும். இன்னும் முனகிட்டு இருக்கு."

"அது எப்ப முடியும்?"

"அதை மதிப்பிட அனந்தலக்ஷ்மி மேடம் வரணும். மேடம் லீவு. பேரன் ஸ்கூல்ல சேர்ந்தாச்சாம்."

"அவங்க எப்பம் வருவாங்க?"

"சார்தானே லீவுக்கு ஒப்பு போட்டது, மறந்தாச்சா? ஒரு அலகு."