பட்டாணி அளவு என்றார் டாக்டர்

அவசரக்காரர்கள் பலவகை. பஸ் நிற்பதற்குள் இறங்குகிறவர், காப்பி ஆறுவதற்குள் நாக்கைச் சுட்டுக்கொள்கிறவர், இவர்களையெல்லாம் மன்னித்துவிடலாம். ஆனால் முகச்சுருக்கம் போக்கும் கிரீமிடம் அவசரம் காட்டுகிற ஓர் இனம் இருக்கிறதே, அதை நீங்கள் அவசியம் தெரிந்துகொள்ள வேண்டும். டாக்டர் பட்டாணி அளவு என்றால் இவர்கள் காதில் அது வாதுமைக்கொட்டை அளவு என்று விழும். வாரம் இரண்டு இரவு என்றால், மற்ற இரவுகள் என்ன பாவம் செய்தன என்பார்கள்.

கிரீஸில், வோலோஸ் என்ற துறைமுக ஊரில், எங்கள் மேல்வீட்டு எவாந்தியாவைத்தான் சொல்கிறேன். தொட்டாலே சிவந்துபோகும் தோல் அவளுக்கு. மகன் லியாந்திரோஸுக்குக் கோடையில் நடத்துவதாகக் கல்யாணம் நிச்சயமானது. சம்பந்தி பொலிக்சேனி வயதில் இளையவள். போட்டோவில் இன்னும் இளையவள். போட்டோ வந்த கையோடு எவாந்தியா தோல் டாக்டரிடம் ஓடி ரெட்டினாய்டு கிரீம் எழுதி வாங்கிவந்தாள்.

மருந்துக்கடை ஸ்திலியானோஸ் படித்துப் படித்துச் சொன்னார்.

"உங்க தோல் ரொம்ப மென்மைம்மா. முதல்ல மாய்ஸ்சரைசர், அதுக்கு மேல இது கொஞ்சூண்டு. கண்ணோரம், மூக்கோரம் வேணாம். பகல்ல சன்ஸ்கிரீன் போடாம வெளிய போகாதீங்க. பலன் தெரிய மாசக்கணக்காகும்."

"மாசக்கணக்கா? கல்யாணம் என்ன காத்துக்கிட்டா இருக்கும்?"

தினமும் ராத்திரி அப்பினாள். கிரீமுக்கு வழி திறந்துவிடுகிறேன் என்று காலையில் சர்க்கரையும் எலுமிச்சையும் போட்டுத் தேய்த்தாள். சன்ஸ்கிரீனா? அது கிரீமின் வேலையைக் கெடுக்குமாம்! உச்சிவெயிலில் துறைமுகத்தில் உட்கார்ந்து கணவாய் வறுவல் சாப்பிட்டாள். பழைய சுவரில் சுண்ணாம்பு உதிர்வதுபோல் கன்னம் உதிரத் தொடங்கியது.

"என்னக்கா, மூஞ்சி செவசெவன்னு இருக்கு?" என்று மாடிப்படியில் கேட்டேன்.

"எரியுதுடி. எரிஞ்சா வேலை செய்யுதுன்னு அர்த்தம்."

அப்படியானால் வீடு தீப்பிடித்தால்கூட உள்ளே நல்ல வேலை நடக்கிறது என்றுதானே அர்த்தம்?

ஒருநாள் காலையில் இமைகள் வீங்கி, வெறும் தண்ணீர் பட்டாலே அலறும்படி ஆனபின்தான் டாக்டரிடம் போனாள். எல்லாவற்றையும் நிறுத்தச் சொல்லி, வாசனையில்லாத களிம்பு ஒன்று மட்டும் கொடுத்தார் அவர்.

"ஐயோ, கல்யாணத்துக்கு?"

"இருக்கிற மூஞ்சியோட போங்கம்மா."

கதவைச் சாத்திக்கொண்டு அழுதாள். சம்பந்தி முன்னால் இந்தக் கோலத்தில் நிற்கமாட்டேன் என்றாள். "நீ வரலேன்னா எனக்குக் கல்யாணமே வேணாம்மா," என்றான் லியாந்திரோஸ். பவுடரைப் பூசிக்கொண்டு கிளம்பினாள்.

தேவாலய வாசலில் சம்பந்திகள் கட்டிக்கொண்டு, வழக்கப்படி கன்னத்தோடு கன்னம் வைத்தார்கள். ஒரே நேரத்தில் இரண்டு "ஐயோ!" பொலிக்சேனியின் பவுடர் பாளமாகப் பெயர்ந்தது, உள்ளே உரிந்த தோல் தொங்கியது.

"உங்களுக்குமா?" என்றாள் எவாந்தியா.

"எல்லாம் நீங்க அனுப்பின போட்டோவைப் பாத்துட்டுத்தான், சம்பந்தி!"

"தினமுமா?"

"காலையிலயும்!"

எவாந்தியாவின் கண்ணில் அப்போதே ஒரு மரியாதை தெரிந்தது. இருவரும் சிரித்தார்கள். சிரித்தால் தோல் இழுத்தது, இருந்தும் சிரித்தார்கள். பாதிரியார்தான் முறைத்தார்.

காயம் ஆறியபின், டாக்டர் சொன்னபடி, இருவரும் முதலிலிருந்து ஆரம்பித்தார்கள். இன்று பூசலாமா என்று போனில் கேட்டு, ஒருத்தி கையை இன்னொருத்தி அடக்கினாள். மறு கோடைக்குள் இரண்டு முகமும் நன்றாகவே தெளிந்துவிட்டன.

உங்களுக்குச் சிரிப்பு வரலாம். நான் அந்த இனமில்லை என்று நீங்கள் சொல்லவும் செய்வீர்கள். ஆனால் மேலே அத்தனை எச்சரிக்கையையும் தாண்டிக்கொண்டு வந்து, அந்தக் கிரீம் எந்தக் கம்பெனி என்று நான் ஏன் சொல்லவில்லை என்றுதானே இப்போது தேடுகிறீர்கள்?