லாரிக்கு வைத்த ரசம்

ஆற்றோரத் தோட்டம்,
கோலா கெத்தில், கெடா, மலாயா.
ஆவணி மாதம்.
(ஜப்பான்காரர்கள் சொல்லும் ஆண்டுக்கணக்கு எனக்குப் பிடிபடவில்லை. பழைய கணக்கைப் போட்டால் உதை விழும். ஆகவே மாதத்தோடு நிறுத்திக்கொள்கிறேன்.)

ஜித்ராவில் காய்கறித் தோட்டம் போட்டுக் கௌரவமாக வாழ்ந்துவரும் அன்பு மச்சான் அம்மாசி அவர்களுக்கு, உங்கள் தங்கை செல்லாயியின் புருஷனும் இத்தோட்டத்து லாரி டிரைவருமான பக்கிரிசாமி இரு கையும் கூப்பி எழுதிக்கொள்வது. இங்கு நாங்கள் இருவரும் மாரியம்மன் புண்ணியத்தில் மரவள்ளிக்கிழங்கு தின்று சுகமாக இருக்கிறோம். அங்கு நீங்களும் உங்கள் வீட்டாரும் அதே கிழங்கைத் தின்று சுகமாக இருக்க வேண்டிக்கொள்கிறேன். எனக்கு மட்டும் கடைவாய்ப்பல் தொந்தரவு. இடது கன்னம் வீங்கியிருக்கிறது. எழுத்து கோணல்மாணலாக இருந்தால் அந்தப் பல்தான் காரணம். பல்லுக்கும் கைக்கும் என்ன சம்பந்தம் என்று கேட்காதீர்கள்.

இக்கடிதத்தைக் கொண்டுவரும் ஈசா ராவுத்தர் நமக்கு வேண்டியவர், கோலா கெத்தில் கடைத்தெருவில் மளிகை வியாபாரம். மாட்டுவண்டி நிறையக் கிழங்கு மூட்டையோடு வருகிறார். இதில் நான் சொல்லும் இடம் வரைக்கும் படிக்காமல் மூட்டையில் கை வைக்க வேண்டாம். நடுவில் நிறுத்தி அழவும் வேண்டாம்.

எங்களோடு தங்கியிருந்த உங்கள் மகன் முருகையாவின் பெயரைச் சயாமுக்கு ரயில் ரோடு போடப் போகும் ஆட்களோடு சேர்த்துவிட்டார்கள் என்று நீங்கள் கேள்விப்பட்டிருப்பீர்கள். கேள்விப்பட்டது உண்மை. முன்பு போனவர்களில் ஒருவர்கூடத் திரும்பவில்லை, ஒரு கடுதாசியும் இல்லை. இந்த முறை போகிறவர்களைச் சுங்கை பட்டாணி ஸ்டேஷனுக்கு ஏற்றிக்கொண்டு போகவேண்டியவன் யார் தெரியுமா? நான்தான். என் கையால் ஸ்டியரிங்கைப் பிடித்து, உங்கள் பிள்ளையை நானே கொண்டுபோய் ரயிலில் ஏற்றிவிட வேண்டும். முடியாது என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை மச்சான். உங்களிடம் ஒளிப்பானேன், நான் பயந்தாங்கொள்ளி. இங்குள்ள ஜப்பான் அதிகாரியின் பூட்ஸ் சத்தம் தூரத்தில் கேட்டாலே என் தலை தானாகக் குனிந்துவிடும்.

லாரி என்றால் பெரிய லாரி இல்லை. துரை சிங்கப்பூருக்கு ஓடும்போது விட்டுவிட்டுப் போன சின்ன லாரி, பின்பக்கம் திறந்தது. ஓடினால் குதிரை, ஆனால் கொஞ்சதூரம் போனதும் இஞ்சின் கொதித்துவிடும். அதிகாரி வந்து பார்த்து, தண்ணீரை மாற்று, நாளைக் காலையில் வண்டி தயாராக இருக்க வேண்டும், இல்லாவிட்டால் நீ தயாராக இரு என்று சொல்லிவிட்டுப் போனார். எதற்குத் தயாராக இருப்பது என்று நான் கேட்கவில்லை. வண்டியை வீட்டு வாசலுக்கே ஓட்டிவந்து ரம்புத்தான் மரத்தடியில் நிறுத்தி, இஞ்சின் நன்றாக ஆறட்டும் என்று காத்திருந்து, பழந்துணியால் பிடித்து ரேடியேட்டர் மூடியைத் திறந்து, செல்லாயி துணி ஊறவைக்கும் தகரத்தைக் கீழே தள்ளி, அடித்திருகைத் தளர்த்தினேன். வந்தது தண்ணீரா அது! கோப்பிக்கடைக் கோப்பி தோற்றுப்போகும். துருவும் சேறும் செத்த தவளைக்குஞ்சும் கலந்து கொட்டியது. பக்கத்தில் நின்ற உங்கள் தங்கை மூக்கை மூடிக்கொண்டு, "ஏங்க, இம்புட்டு அழுக்கையும் வயித்துல வச்சிக்கிட்டா இது ஓடிச்சு? பாவம்லா!" என்றாள். லாரிக்காக இரக்கப்பட்ட பெண்பிள்ளையை இந்தக் கெடாவில் வேறெங்கும் நீங்கள் பார்க்க முடியாது.

ஆற்றிலிருந்து அவளே வாளி வாளியாகத் தண்ணீர் சுமந்தாள். நான் ஊற்றுவேன், இஞ்சினைக் கொஞ்சம் ஓடவிடுவேன், ஆறியதும் திறந்துவிடுவேன், மறுபடி ஊற்றுவேன். தண்ணீர் தெளிய ஆரம்பித்த பிறகுதான் இன்னொரு சங்கதி தெரிந்தது. ரேடியேட்டரின் கீழ்மூலையில் ஓர் ஓட்டை, இத்தனை நாளாகச் சேறு அடைத்துக்கொண்டிருந்த ஓட்டை, நான் சுத்தம் செய்த புண்ணியத்தில் கண்ணைத் திறந்து ஒழுகுகிறது. பற்றவைக்க ஈயம் எங்கே கிடைக்கும்? நம் தோட்டத்துப் பழக்கம் உங்களுக்குத் தெரியாததா, செருப்புக் கிழிந்தாலும் குடை ஒழுகினாலும் குடம் ஒழுகினாலும் ரப்பர் பால்தான். பால்வெட்டு நின்று எத்தனையோ நாளாகிவிட்டாலும் வீட்டுக்குப் பின்னால் நிற்கும் மரத்தில் நானே கோடு கீறிப் பால் பிடித்தேன். பால் ஏந்தும் மங்குக் கிண்ணத்தைப் பிடித்துக்கொண்டு பக்கத்தில் நின்றதும் செல்லாயிதான். பாலை ரேடியேட்டருக்குள் ஊற்றிவிட்டு, அதுவாக ஓட்டையைத் தேடிப் போய் அடைத்துக்கொள்ளட்டும், மிச்சத் தண்ணீரைப் பிறகு ஊற்றலாம் என்று விட்டுவிட்டு ஆற்றுக்குக் குளிக்கப் போனேன்.

குளித்துவிட்டு வந்து பார்த்தால், உங்கள் தங்கை வெறும் சட்டியோடு ரேடியேட்டர் முன்னால் நிற்கிறாள். "என்ன புள்ள செஞ்ச?" என்றேன். "பித்தளைச் செம்பு பச்ச புடிச்சா புளி போட்டுத்தானே தேய்க்கிறேன். இதுவும் பித்தளதானேன்னு இருந்த புளிய எல்லாம் கரைச்சு ஊத்திட்டேன். உள்ள பளபளன்னு ஆயிடும்லா" என்றாள். மச்சான், அந்தப் புளி என்ன புளி! பஞ்சம் தொடங்கியதிலிருந்து ஜாடியில் உப்பைப் போட்டு அமுக்கிப் பரணில் ஒளித்துவைத்த புளி. அடுத்த வீட்டு இராசாத்தி மசக்கையில் வந்து கேட்டதற்குக்கூட நெல்லிக்காய் அளவுதான் கிள்ளிக் கொடுத்தாள். அதை மொத்தமாக, என் லாரி பளபளக்க வேண்டும் என்பதற்காகக் கரைத்து ஊற்றியிருக்கிறாள். எனக்குக் கண் கலங்கிவிட்டது. இப்படி ஒரு பெண்ணை எனக்குக் கொடுத்ததற்கு உங்களுக்கு இன்னும் நான் சரியாக நன்றி சொல்லவில்லையே என்று நினைத்துக்கொண்டேன்.

மறுநாள் காலை ஆட்களெல்லாம் மூட்டை முடிச்சோடு வந்து நின்றார்கள். லயத்து வரிசை வீட்டுச் சனமெல்லாம் வாசலுக்கு வந்து அழுதது. முருகையா உங்கள் பழைய கம்பளியை மடித்துத் தோளில் போட்டுக்கொண்டு, "போய்ட்டு வரேன் அத்த" என்று செல்லாயியின் காலைத் தொட்டான். அவள் அழவே இல்லை. அவன் தலையைத் தடவிக்கொண்டே ரேடியேட்டரைப் பார்த்துக்கொண்டிருந்தாள். அந்த நேரத்திலும் லாரி மேல் அத்தனை அக்கறை. நான் வண்டியை எடுத்தேன். அதிகாரி என் பக்கத்தில் உட்கார்ந்திருந்தார். எனக்கு முன்னாலிருந்த ரோடு சரியாகத் தெரியவில்லை, கண்ணில் தண்ணீர்.

கோயில் மேட்டில் ஏறும்போது முதலில் வந்தது புகை இல்லை, வாசனை. ரச வாசனை! நல்ல புளி ரசம் கொதித்து நுரை கட்டும்போது வருமே, அதே வாசனை. அரிசியையும் புளியையும் மறந்துபோன சனம் அது. அழுதுகொண்டு பின்னாலேயே நடந்துவந்த கிழவி மருதம்மாள் அழுகையை நிறுத்தி, "யாரு வீட்டுலடி ரசம்?" என்று கேட்டாள். அதிகாரிகூட மூக்கை உறிஞ்சினார். அடுத்த நொடி மூடி பறந்து, ஆவி சீறி, வண்டி நின்றே போயிற்று. ஆறியதும் அதிகாரி ரேடியேட்டர் வாய்க்குள் விரலை விட்டு ஏதோ வெள்ளையாகத் தெரிந்ததைப் பிடித்து இழுத்தார். வந்தது. இன்னும் இழுத்தார், இன்னும் வந்தது. பிடித்து இழுத்துக்கொண்டே ரோட்டில் பின்னால் நடந்தார், முடியவே இல்லை. கையை விட்டதும் அது சுருக்கென்று திரும்பிப்போய் ரேடியேட்டரிலேயே அடித்தது. அசல் ரப்பர்!

பாலில் புளிப்புப் பட்டால் உறையும் என்பது இந்தத் தோட்டத்துக் குழந்தைக்கும் தெரியும். அதிலும் உங்கள் தங்கை கல்யாணத்துக்கு முன்னால் தோட்டத்து ரப்பர் ஸ்டோரில் பாலை உறையவைக்கும் வேலையே பார்த்தவள். ஆனாலும் லாரி என்றதும் பாவம், எல்லாவற்றையும் மறந்துவிட்டாள். இஞ்சின் விஷயம் பெண்களுக்கு எட்டாது, அவளைக் குறை சொல்லக்கூடாது. எனக்கே அந்த ரப்பரைக் கண்ணால் பார்த்த பிறகுதான் நினைவுக்கு வந்தது. அதிகாரியோ மிகவும் பண்பானவர். விஷயத்தைக் கேட்டார், தலையை ஆட்டினார், ஸ்டேஷன் திசையில் நடந்தே போய்விட்டார். வேறொன்றும் நடக்கவில்லை. அன்றைக்குத்தான் எனக்குப் பல்வலி ஆரம்பித்தது.

ரயில் போய்விட்டது. வேறு வண்டி கிடைக்கும்வரை எல்லோரும் லயத்திலேயே இருக்க வேண்டும் என்று உத்தரவு. ஈசா ராவுத்தர் தற்செயலாக அந்தப் பக்கம் வண்டியோட்டி வந்தார். இப்போது நீங்கள் எழுந்துபோய் மூட்டைகளை இறக்கலாம். அடியில், சாக்கு மூடி, தலையில் தொப்பியோடு ஒருவன் படுத்திருப்பான். வழியில் யாராவது கண்டு கேட்டிருந்தால் தன் அண்ணன் மகன் என்று ராவுத்தர் சொல்லியிருப்பார், நீங்கள் நம்ப வேண்டாம். அவன் முருகையாதான். முதலில் அவனுக்குத் தண்ணீர் கொடுங்கள்.

செல்லாயியைக் கடிந்து ஏதும் எழுதிவிடாதீர்கள். அவள் வெள்ளை மனசுக்காரி, நான் அவளை மன்னித்துவிட்டேன். ஆனால் ஒரேயொரு வேண்டுகோள்: என்ன பண்டம் கொடுத்தனுப்பினாலும் இந்த வீட்டுக்குப் புளி மட்டும் வேண்டாம். உங்கள் தோட்டம் காய்த்துக் குலுங்கவும், முருகையாவுக்கு நல்ல காலம் பிறக்கவும், நாம் எல்லோரும் ஒருநாள் ஒரே பந்தியில் உட்கார்ந்து சோறு தின்னவும் அம்மன் அருள்வாளாக.

இங்ஙனம்,
பணிவுள்ள மைத்துனன்,
பக்கிரிசாமி

பி.கு. அண்ணே, செல்லாயி எழுதுறேன். கடுதாசிய ஒட்டுறதுக்குள்ள இவரு குளிக்கப் போயிட்டாரு. நீங்க மண்ணுல கையப் புடிச்சுக் கத்துக்குடுத்த எழுத்துதான், தப்பு இருந்தா திட்டாதீங்க. இவருக்குப் பல்வலி ஒண்ணும் இல்ல. புளிய ஊத்துனது யாருன்னு அந்த அதிகாரி கத்துனப்ப நான்தான் முன்னால போனேன். அதுக்குள்ள இந்த மனுசன், பூட்ஸ் சத்தத்துக்கே நடுங்குற மனுசன், என்னைப் பின்னால தள்ளிட்டு "நான்தான், எல்லாம் நான்தான்"னு போய் நின்னாரு. கன்னத்துல அடி, கையில பிரம்படி. விரலு இன்னும் மடங்கல. என் பேரு அவரு வாயில வரவே இல்ல. நான் தெரியாம ஊத்திட்டேன்னு நெனச்சுக்கிட்டே அம்புட்டையும் வாங்கிக்கிட்டாரு. நீங்க எனக்கு நல்ல மாப்பிள்ளையாத்தான் பாத்திருக்கீங்கண்ணே.

நான் தெரியாம ஊத்தல. மங்குல பால் வந்தப்பவே எனக்கு யோசன வந்துருச்சு. இத இவருகிட்ட சொல்லிறாதீங்க, அப்புறம் என் கையால ரசம் குடிக்கப் பயப்படுவாரு.

டவுன்லேருந்து ஒரு ஆளு வந்து லாரியக் கழட்டி ரப்பரையெல்லாம் வழிச்சு எடுத்துட்டான். சீக்கிரம் ஓடுமாம். ஆனா அந்த ஓட்டை இன்னும் ஒழுகுது, இவரு மறுபடியும் மரத்துல கோடு கீறிட்டாரு. ரயில் ரோட்டுக்குப் பேரு எழுதுன மத்த ஆளுங்கெல்லாம் லயத்துலதான் இருக்காங்க, இராசாத்தி புருசனும் அதுல ஒருத்தன். வீட்டுல புளி இல்ல. ராவுத்தர் திரும்பும்போது ஒரு உருண்ட குடுத்தனுப்புங்க. பெருசா.