பின்சக்கரத்து நட்டுகள் குறித்து மைத்துனருக்கு

அன்பு மைத்துனருக்கு,

அத்தான் எழுதிக்கொள்வது. இந்த வரியை எழுதும்வரை நானும் உங்கள் அக்காவும் கைகால் முழுசாக இருக்கிறோம். அங்கே உங்கள் வீட்டாரும் அவ்வாறே இருக்க வேண்டுமென்று விரும்புகிறேன். என் பழைய காருக்காக நீங்கள் ஆசையாக அனுப்பிய வீல் ஸ்டட் பெட்டி வந்து சேர்ந்தது. அதற்கு என் நன்றி. மற்றதெல்லாம் அதன் பின்னாலேயே வந்து சேர்ந்தவை.

நம் வண்டி என் வயதுக்காரன் என்பது உங்களுக்குத் தெரியும். அதில் சக்கரத்தைக் கையில் தூக்கிப் பிடித்து, ஓட்டைக்கு ஓட்டை நேர் பார்த்து, போல்ட்டை நுழைத்து முடுக்குவதற்குள் இடுப்பு கழன்றுவிடும். போல்ட்டுக்குப் பதிலாக ஸ்டட் என்ற மரைக்கம்பியைப் போட்டுவிட்டால் அது பாட்டுக்கு நீட்டிக்கொண்டிருக்கும், சட்டையை ஆணியில் மாட்டுவதுபோல் சக்கரத்தை மாட்டி நட்டை முடுக்கினால் வேலை முடிந்தது என்று போனில் சொன்னீர்கள். நம்பினேன். ஜாக்கி போட்டுத் தூக்கி, போல்ட் போகும் ஓட்டைகளின் மரையைக் கம்பி பிரஷ்ஷால் தேய்த்து, ஸ்டட்டின் தலையில் இரண்டு நட்டுகளை நெருக்கிப் பூட்டி, அதைப் பிடித்து ஒவ்வொன்றாக உள்ளே ஏற்றினேன். பெட்டியோடு வந்த தாளில், அதிகம் இறுக்கினால் ஸ்டட் முறியும் என்று ஒரு வரி, குறைவாக இறுக்கினால் கழலும் என்று அடுத்த வரி. இரண்டுக்கும் நடுவில் மனுஷன் எங்கே நிற்பது? சரியான இறுக்கம் வந்ததும் 'டக்' என்று சொல்லும் ஸ்பானரை மெக்கானிக்கிடம் இரவல் வாங்கினேன். குந்தி உட்கார்ந்து அழுத்தினேன். டக் என்றது. ஆனால் சொன்னது ஸ்பானரா, என் முழங்காலா என்று இன்றுவரை எனக்குத் தெரியாது. இந்தச் சந்தேகத்தோடு தாளின் கடைசி வரியைப் படித்தேன்: 'சிறிது தூரம் ஓட்டிய பின் மறுபடியும் இறுக்கவும்.' ஏன் மறுபடியும்? ஒழுங்காக இறுக்கியிருந்தால் மறுபடியும் எதற்கு? அன்றிலிருந்து எனக்குச் சோறு இறங்கவில்லை.

மறுநாளே உங்கள் பெரியக்காவுக்குக் கண் ஆபரேஷன் ஆகியிருக்கிறது, போய்ப் பார்த்தே ஆக வேண்டும் என்று உங்கள் அக்கா சாவியை எடுத்தாள். எங்கள் வீட்டில் வண்டியைப் பழுது பார்ப்பது நான், ஓட்டுவது அவள். ஸ்பானரை மடியில் வைத்துக்கொண்டு பக்கத்தில் உட்கார்ந்தேன். தெருமுனையில் நிறுத்தச் சொன்னேன். பெட்ரோல் பங்கில் நிறுத்தச் சொன்னேன். பள்ளிக்கூட வாசலில் நிறுத்தச் சொன்னபோது அவளுக்குப் பொறுக்கவில்லை.

"மறுபடியும் என்ன?"

"ஒரு தடவை தொட்டுப் பாத்துட்டு வந்துடறேன்."

"தொட்டுத் தொட்டுப் பாக்க அது என்ன காய்ச்சக்காரன் நெத்தியா? பேசாம உக்காருங்க!"

அதோடு விட்டாளா? அங்கே போய் எல்லோர் முன்னாலும் அதைச் சொன்னாள். சகலை சிரித்துச் சிரித்துப் புரையேறினார். கண்ணில் கட்டுப் போட்டிருந்த பெரியக்காகூட சிரித்தார். எனக்கு மானம் போயிற்று. திரும்பும்போது என்ன ஆனாலும் அந்தச் சக்கரத்தைத் தொடுவதில்லை என்று வீம்பாக ஏறி உட்கார்ந்தேன்.

மலைப்பாதை இறக்கத்தில் வண்டி வேகம் பிடித்ததும் பின்னால் கொடக் கொடக் என்று சத்தம்.

"கேக்குதா?" என்றேன்.

"உங்க பல்லு அடிச்சுக்குது."

கொஞ்ச தூரத்தில் ஸீட்டே ஆடியது. அவள் முகத்தைப் பார்த்தேன். உங்கள் அக்கா முகத்தில் இத்தனை வருஷத்தில் நான் பயத்தைப் பார்த்ததே இல்லை, மாப்பிள்ளை. அன்றைக்குப் பார்த்தேன். பின்னால் ஒரு லாரிக்காரன் ஹாரனை விடாமல் அடிக்கிறான், ஒரு பக்கம் பாறை, இன்னொரு பக்கம் ஒன்றுமே இல்லை. அவள் பிரேக்கை அவசரப்பட்டு மிதிக்காமல், கியரைக் குறைத்துக் குறைத்து, வண்டியை மண் ஓரத்தில் ஏற்றி நிறுத்தினாள். இறங்கிப் போய்ப் பார்த்தேன். இடது பின்சக்கரத்தில் ஒரு ஸ்டட் நட்டு இல்லாமல் மொட்டையாக நின்றது. மீதி நட்டுகள் விரலாலேயே சுற்றின. பார்க்க லட்சணமாக இருக்கட்டும் என்று நான் சக்கரத்துக்கு, ஓட்டைகளைச் சுற்றியும், கனமாகப் பெயிண்ட் அடித்திருந்தேன் இல்லையா, நட்டு பிடித்திருந்தது அந்தப் பெயிண்ட்டைத்தான். அது நசுங்கி உதிர்ந்ததும் நட்டு தளர்ந்துவிட்டது. ஸ்பானரை எடுத்தேன். இரண்டு தரம் கைதவறிக் கீழே விழுந்தது. அவள் வந்து வாங்கிக்கொண்டாள்.

"எதை மொதல்ல?"

"அதை. அப்புறம் அதுக்கு எதிர்ல இருக்கறத. பக்கத்துல இருக்கறதத் தொடாத."

டக். டக். டக். இந்த முறை யார் முழங்காலும் இல்லை.

பிறகு அவள் அந்த மண்ணிலேயே உட்கார்ந்துவிட்டாள். "எல்லாரோடயும் சேந்து நானும் சிரிச்சேனே," என்றாள். பக்கத்தில் உட்கார்ந்தேன். லாரிகள் போய்க்கொண்டே இருந்தன. வீடு திரும்பும் வழியில் நான் ஒரு இடத்திலும் நிறுத்தச் சொல்லவில்லை. அவளாகவே அங்கங்கே நிறுத்தி, "போய்ப் பாத்துட்டு வாங்க," என்றாள்.

பெயிண்ட்டையெல்லாம் சுரண்டி எடுத்து, புது நட்டு போட்டு, எல்லாவற்றையும் திரும்ப இறுக்கிவிட்டேன். ஆனாலும் இந்தப் பயத்தோடு இனி குடித்தனம் நடத்த என்னால் ஆகாது. வண்டியை விற்பதாக முடிவு செய்துவிட்டோம். நாளைக் காலை ஒருவர் பார்க்க வருகிறார். உங்களுக்கு மனவருத்தம் வேண்டாம். தங்கச்சிக்கு எங்கள் அன்பு. பிள்ளைகள் தீர்க்காயுசோடு, முடிந்தவரை பஸ்ஸிலேயே போய்வர ஆசீர்வாதம்.

இப்படிக்கு,
உங்கள் அத்தான்

பி.கு.: காலையில் அந்த ஆள் வந்தார். ஒரு சுற்று அழைத்துப் போனோம். கடைத்தெரு தாண்டியதும், "சக்கரத்துல ஏதோ சத்தம் வருதுங்க, பயமா இருக்கு," என்றார். சத்தம் போட்டது அவர் காலடியில் உருண்ட தண்ணீர் பாட்டில். எனக்கு வந்ததே கோபம்! "நான் என் கையால போட்ட ஸ்டட்டுய்யா அது! பயமா இருந்தா எறங்கி நடங்க!" என்றேன். இறங்கி நடந்தே போய்விட்டார். வண்டி விற்பனைக்கு இல்லை. வாசலில் உங்கள் அக்கா ஹாரன் அடிக்கிறாள். எங்கே போகிறோம் என்று நான் கேட்கவில்லை.